பொனற்றைத் திருப்பிப் பூட்டிய மொறிஸ் மைனர்: புதுக்குடியிருப்பில் செய்த ஒரு மாற்றம் பற்றிய ஆய்வு

கார் ஒரு மொறிஸ் மைனர் 1000. 1960 இல் பதிவானது, ஸ்ரீ இலக்கத் தகடு, நான்கு கதவு, 948 சிசி இயந்திரம். மைனரின் பொனற்றுக்கு, அதாவது இயந்திரத்தின் மேல் மூடிக்கு, பிணைச்சல் முன்கண்ணாடிப் பக்கம், பூட்டு மூக்குப் பக்கம். முதலை வாயைப் போல முன்னால் திறக்கும். இந்தக் காரில் நாங்கள் அதை அப்படியே திருப்பிவிட்டோம். இப்போது பிணைச்சல் மூக்குப் பக்கம் இருக்கிறது, பூட்டு கண்ணாடியடியில் இருக்கிறது. ஏன் திருப்பினோம், எப்படித் திருப்பினோம், ஒரு வருடம் ஓடிய பிறகு என்ன தெரிந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காற்றில் பொனற் எழும்புகிறது என்று வரும் மைனர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வேலை தேவையில்லை. பூட்டு ஏன் விட்டது என்று பார்க்காமல் பிணைச்சலை இடம் மாற்றினால், பழுது இடம் மாறுமே தவிரப் போகாது. இந்தக் காருக்கு மாற்றம் பொருந்தியதற்கு அதன் கதையில் தனிக் காரணங்கள் இருக்கின்றன.

பழைய கதை

1960களின் தொடக்கத்தில் இலங்கையில் கார் இறக்குமதி இறுகியது. 1977 வரை அது தளரவில்லை. அதற்கு முன் வந்து சேர்ந்த மைனர்களும் ஒஸ்ரின்களும்தான் வடக்கில் கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் ஓடின. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் வவுனியாவுக்கு அப்பால் நின்றுவிட்டன. அந்தக் காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை விவரிக்கத் தேவையில்லை. ஆனால் இந்த ஆய்வுக்கு அது நேரடியாகத் தேவைப்படுகிறது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலேசில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரம் அதில் தொடங்காது. அதனால் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டுத்தான் தொடங்க வேண்டும். குழாய்கள் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய் பிடிக்கும். மைனரில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் ஒட்டி இருப்பதால் சூடு கெதியாக ஏறும். அந்த வகையில் அந்தக் காலத்துக்கு ஏற்ற கார்தான். ஆனால் மண்ணெண்ணெய் இயந்திரத்தைத் தட்ட வைக்கும். எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எண்ணெயைத் தண்ணியாக்கும். இந்தக் காரைப் பின்னர் பிரித்தபோது சிலிண்டர் தலைக்கு அடியில் இரண்டு காஸ்கற் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. அழுத்தத்தைக் குறைத்துத் தட்டலை அடக்க யாரோ யோசித்துச் செய்த வேலை. நல்ல வேலை.

இனிப் பொனற்றுக்கு வருவோம். பெற்றோல் ஒரு சின்னப் போத்தலில் இருக்கும். கார் ஆறிய இடத்திலெல்லாம் இறங்கிப் பொனற்றைத் திறந்து, காபரேற்றரில் நாலு துளி விட்டு, மூடிவிட்டுப் போக வேண்டும். சும்மா ஓடும் காரில் கிழமைக்கொரு தடவை திறக்கும் பொனற், இங்கே நாளுக்குப் பல தடவை திறந்து மூடப்பட்டது. அப்படிப் பல வருடங்கள்.

மைனரின் பூட்டு இரண்டு படியாக வேலை செய்யும். பொனற்றின் அடியில் ஸ்பிறிங் சுற்றிய ஒரு பூட்டு ஆணி நிற்கிறது. மூடும்போது அது முன்தட்டிலுள்ள பூட்டுக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும். உள்ளே டாஷ்போட்டின் கீழுள்ள குமிழை இழுத்தால் கேபிள் பூட்டை விடுவிக்கும். ஆனால் பொனற் முழுதாகத் திறக்காது. விரல் அளவு எழும்பி, இரண்டாவது கொளுக்கியில் நிற்கும். அந்தக் கொளுக்கியைக் கையால் தள்ளினால்தான் மேலே வரும். முதல் பூட்டு ஓட்டத்தில் விட்டாலும் பொனற் கண்ணாடிக்கு வராமல் காப்பது இந்த இரண்டாவது கொளுக்கிதான்.

நாங்கள் பார்த்தபோது பூட்டு ஆணியின் தலை ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. ஸ்பிறிங் தளர்ந்திருந்தது. கேபிள் இல்லை. கிறிலுக்குள்ளால் கையை விட்டு இழுக்க ஒரு கட்டுக்கம்பி போட்டிருந்தார்கள். இரண்டாவது கொளுக்கி அடியோடு இல்லை. அவசரமாகத் திறக்கும்போது விரலைத் தடுக்கிறது என்று எப்போதோ கழற்றியிருக்க வேண்டும். மண்ணெண்ணெய்க் காலத்தில் அது விளங்கக்கூடிய முடிவு. அப்போது ரோட்டும் குழி, வேகமும் இல்லை.

2009 இல் இடம்பெயர்ந்தபோது ஐயா (கார்க்காரரை இனி இப்படியே சொல்கிறேன்) காரை விட்டுவிட்டுப் போனார். மீளக்குடியேறி வந்து தேடியபோது சில்லுகளும் இருக்கைகளும் இல்லாமல் கிடைத்தது. மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் இயந்திரம் மீண்டும் பெற்றோலுக்குத் திரும்பியது, கட்டி நிறம் அடித்தாயிற்று. பூட்டை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. மூடினால் மூடுகிறது, இழுத்தால் திறக்கிறது என்பதே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நடந்தது

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் முடிந்து, ஐயா முள்ளியவளை தாண்டி ஒட்டுசுட்டான் பக்கம் வந்துகொண்டிருந்தார். அது சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கும் காலம். மேற்கே போகும்போது காற்று முகத்துக்கு நேரே வரும். எதிரே ஒரு பஸ் கடந்தது. அந்த வீச்சோடு பொனற் எழும்பி, பின்னால் மடிந்து, கண்ணாடியில் அடித்தது. மைனர் 1000 இல் முன்கண்ணாடி ஒரே துண்டு, வளைந்தது. 1956 இற்கு முந்திய மைனர்களில் அது இரண்டு தட்டையான துண்டாக இருந்தது. அவற்றுக்குக் கண்ணாடிக் கடையில் வெட்டியே போடலாம். இதற்கு முடியாது. கண்ணாடி போயிற்று, கூரையின் முன் ஓரம் உள்ளே அமுங்கிற்று, இரண்டு பிணைச்சலும் முறுகின. ஐயா பக்கக் கண்ணாடியால் தலையை நீட்டி ஓரம் பார்த்து நிறுத்தினார். காரில் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

கராஜுக்குக் கொண்டுவந்தபோது அவர் சொன்னது: "தம்பி, திருத்திறது உங்கட வேலை. ஆனா இனி இந்த மூடி என்ர கண்ணுக்கு முன்னால எழும்பக் கூடாது."

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தன. ஒன்று, பழைய முறையிலேயே புதிய பூட்டு ஆணி, ஸ்பிறிங், கேபிள், இரண்டாவது கொளுக்கி எல்லாம் போடுவது. மைனருக்கு இவை எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. விலையும் பெரிதில்லை. இரண்டு, பந்தயக் கார்களில் போல் வெளியே தோல் பட்டி போட்டுக் கட்டுவது. அதை உடனேயே விட்டுவிட்டோம். மழையிலும் வெயிலிலும் தோல் என்ன பாடுபடும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது, திருப்புவது.

நான் முதலாவதைத்தான் சொன்னேன். முடிவை மாற்றியது கண்ணாடியடித் தகரம். பிணைச்சல் பூட்டியிருந்த இரண்டு மூலையிலும் தகரம் துருவில் மெலிந்து, அடிபட்டதில் போல்ற் ஓட்டையைச் சுற்றி வெடித்திருந்தது. பல மாரிகள் திறந்த வெளியில் கிடந்த கார். பொனற்றின் முழுப் பாரமும், திறக்கும்போது வரும் நெம்பும் அந்த மூலைகளில்தான் ஏறும். அதைச் சரியாகக் கட்ட வேண்டுமென்றால் டாஷ்போட்டைக் கழற்றி உள்ளேயிருந்து தகரம் வெட்டி ஒட்ட வேண்டும். பூட்டு என்றால் நடுவிலுள்ள தடித்த தகரத்தில் வைக்கலாம், அது நல்ல நிலையில் இருந்தது. அதோடு ஐயா அடிக்கடி தொட வேண்டிய பற்றரியும் பெற்றோல் பம்பும் மைனரில் பின்சுவரோடு இருக்கின்றன. முன்னால் திறக்கும் பொனற்றில் அவற்றைத் தொட மூக்குக்கு மேலால் குனிந்து எட்ட வேண்டும். எழுபது தாண்டிய இடுப்புக்கு அது இலேசான வேலை இல்லை.

காற்று என்ன செய்கிறது

ஓடும் காரின் மூக்கு விளிம்பைத் தாண்டியவுடன் காற்று வேகமெடுக்கிறது. அங்கே பொனற்றின் மேல் அழுத்தம் குறைவு. கிறிலால் புகுந்த காற்று அடியிலிருந்து தள்ளுகிறது. அதாவது மூக்குப் பக்கம் பூட்டு விட்டால், எழும்புவதற்கு எல்லாம் சாதகமாக இருக்கிறது. சிறிது எழும்பியதும் முழுக் காற்றும் அடியில் புகுந்துவிடும். கண்ணாடியடியில் நிலைமை வேறு. அங்கே காற்று தடைப்பட்டு அழுத்தம் கூடுகிறது. பூட்டு அங்கே இருந்து விட்டுப்போனால், பின் ஓரம் சற்று ஆடும், சத்தம் போடும். ஆனால் எதிர்க்காற்று பொனற்றைக் கீழேயே அழுத்திப் பிடிக்கும். இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்ட் கார் 1959 இல் வந்தபோதே முழு மூக்கும் முன்னால் சரியும்படிதான் வந்தது. அதற்கு முந்திய வருடம் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற்றில் மட்காட்டோடு சேர்ந்த முழு மூக்கும் பின்பிணைச்சலில் தூக்கப்படும். ஒரே நாட்டில் ஒரே காலத்தில் இரண்டு முறையும் ஓடின. ஸ்பிறைற்றைத் திருப்பிப் பூட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இளம் பொடியன்கள் சிலர், பின் ஓரத்தை வாசர் வைத்து ஒரு விரல் உயர்த்திவிட்டால் இயந்திரச் சூடு அதால் போகும் என்று சொல்வார்கள். கார் நிற்கும்போது சூடு எழும்பிப் போவது உண்மை. ஓடும்போது கண்ணாடியடி அழுத்தம் கூடிய இடம் என்பதால், அந்த இடைவெளியால் காற்று வெளியே வராது, உள்ளே போகும். றேடியேற்றரால் வரும் ஓட்டத்தையும் அது குறைக்கும். எங்கள் காரில் பின் ஓரம் ரப்பரில் இறுக்கமாக உட்காருகிறது.

பிணைச்சலை எங்கே வைப்பது

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. தகரம் வெட்டுவதோ ஒட்டுவதோ கஷ்டமில்லை. சுழலும் ஆணி எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

மைனரின் பொனற் தட்டையான பலகை இல்லை. மூக்கில் வளைந்து கீழே இறங்கி, கிறில் தட்டின் மேல் விளிம்பில் வந்து உட்காருகிறது. அந்த முன் விளிம்பை உதடு என்று சொல்கிறேன். பெட்டியின் மூடிக்கு வைப்பது போல் பிணைச்சலை உதட்டுக்குப் பின்னால், உள்ளே வைத்தால் என்ன நடக்கும்? சுழலும் ஆணிக்கு முன்னால் இருப்பதெல்லாம், பொனற் முன்னால் சரியும்போது கீழே இறங்கும். ஆணியை விடத் தாழ இருப்பதெல்லாம் பின்னால் போகும். உதடு இரண்டு வகையிலும் மாட்டிக்கொள்ளும். கீழே இறங்கிப் பின்னால் போய்க் கிறிலைக் கடிக்கும். ஆணியை மிகத் தாழ, குறுக்குச் சட்டத்தோடு வைத்து, ஆணியையும் பொனற்றையும் இணைக்க நீளக் கை போட்டால் உதடு முதலில் முன்னால் நகரும், அது நல்லது. ஆனால் அந்தக் கை முன்னால் வர வழி வேண்டும். கிறிலின் கிடைச் சட்டங்களை வெட்டாமல் அந்த வழி கிடைக்காது.

நாங்கள் தடித்த மட்டையில் பொனற்றின் பக்கவாட்டு உருவத்தை முழு அளவில் வெட்டினோம். கிறிலின் உருவத்தைச் சுவரில் கீறினோம். மட்டையில் ஊசி குத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் சுழற்றிப் பார்த்தோம். கணக்கில் சொன்னால் விளங்காத கராஜ் பொடியனுக்கும் அந்தச் சுவரில் எல்லாம் விளங்கியது. முடிவில் நின்ற புள்ளி உதட்டுக்கு வெளியே இருந்தது: உதட்டுக்கு முன்னால் ஒன்றரை அங்குலம், அதைவிட அரை அங்குலம் தாழ. அந்தப் புள்ளியில் சுழலும்போது உதடு ஆணிக்குப் பின்னால் இருப்பதால் இறங்காது, எழும்பும். அதோடு முன்னாலும் வரும். கிறிலோடு எந்த இடத்திலும் உரசாது.

அந்தப் புள்ளியில் ஆணியைப் பிடிக்க, பம்பர் பூட்டும் இரும்புகளில் இருந்து இரண்டு தாங்கிகள் எழுப்பினோம். பம்பரின் பழைய போல்ற் ஓட்டைகளிலேயே அவை பூட்டப்பட்டிருக்கின்றன. பொனற்றின் உள்பக்கச் சட்டத்தில் இருந்து 40 மில்லிமீற்றர் அகல, 6 மில்லிமீற்றர் தடிப்பப் பட்டை இரும்பு வளைந்து, உதட்டுக்கும் கிறில் தட்டுக்கும் இடையிலுள்ள வெளியால் முன்னே வருகிறது. அந்த வெளி முதலில் போதவில்லை. உதட்டின் கீழிருந்த ரப்பர் பட்டியைக் கை வரும் இடத்தில் மட்டும் விலக்கி, பொனற்றை மெல்லிய தகடு வைத்துச் சற்று உயர்த்தினோம். ஆணி 12 மில்லிமீற்றர். அதற்கு லேத்தில் கடைந்த பித்தளை புஷ், கிறீஸ் அடிக்கும் முலை. மைனருக்கு முன்சில்லு மூட்டுகளில் எப்படியும் கிறீஸ் அடிக்க வேண்டும். அதோடு சேர்த்து இதற்கும் ஒரு தள்ளு.

ஆணியின் முனையில் நட்டு இல்லை. வாசரும் பிளவு ஊசியும் மட்டும். வெளியிலிருந்து குறட்டால் இழுத்தால் வரும். கராஜ் அண்ணைக்கு இது பிடிக்கவில்லை, நட்டுப் போட்டு இறுக்கச் சொன்னார். நான் விடவில்லை. வன்னி ரோட்டில் பின்னேரத்தில் மாடு படுக்கும். தார் இளஞ்சூடாக இருக்கும் என்பதால் அவற்றுக்கு அந்த இடம்தான் வேண்டும். மூக்கில் அடிபட்டு, பிணைச்சல் நசிந்து, பொனற் திறக்க முடியாமல் நின்றால் பற்றரிக் கம்பியைக் கூடக் கழற்ற முடியாது. முன்பிணைச்சல் முறையின் மிகப் பெரிய குறை இதுதான்: அடிபடும் இடத்திலேயே பிணைச்சல் நிற்கிறது.

பொனற்றை நடுவுக்குக் கொண்டுவர ஒரு நல்ல அடையாளம் மைனரிலேயே இருக்கிறது. பொனற்றின் நடுவே நீளமாக, சுமார் நான்கு அங்குல அகலத்தில் ஒரு பட்டை தெரியும். அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது, உற்பத்திக்கு எல்லாம் தயாராகிவந்த கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். 1948 இல் வெளிவந்த மைனர் அந்த அகலத்தோடுதான் வந்தது. கூட்டிய அந்த நான்கு அங்குலம்தான் பொனற்றின் நடுவில் இன்றும் தெரிகிறது. அதன் இரு ஓரத்தில் இருந்து அளந்தால் கையின் இடம் பிசகாது. ஒரு பெரிய வடிவமைப்பாளரின் திருத்தத்தில் அளவுநூல் பிடித்து வேலை செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மைனரின் தலைவிளக்குகள் மட்காட்டில் இருப்பதால் பொனற்றில் வயர் எதுவுமில்லை. அந்த வகையில் வேலை மிச்சம். பின் ஓரம் மட்டும் பிரச்சினை தந்தது. முன்பு பிணைச்சல் பிடித்திருந்ததால் அது நேராக நின்றது. இப்போது ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் தகரம் முறுகியது. பின் ஓரத்தின் உள்ளே குறுக்காக ஒரு மெல்லிய கோண இரும்பை, பழைய பிணைச்சல் ஓட்டைகளிலேயே போல்ற் போட்டுப் பூட்டினோம். காரின் எந்த மூலத் தகரமும் இந்த வேலையில் வெட்டப்படவில்லை. நாளைக்கு இன்னொருவர் பழையபடி ஆக்க விரும்பினால், கண்ணாடியடி மூலைகளைக் கட்டிவிட்டு, ஸ்பனரோடு உட்கார்ந்தால் போதும். 60 வயது தாண்டிய காரில் வேலை செய்யும் யாரும் இதை ஒரு கட்டாயமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மைனர் இனிப் பிறக்கப்போவதில்லை.

பூட்டு

முன்னால் பிணைச்சல் என்றால் கவனம் முழுக்கப் பின்பூட்டுக்குப் போக வேண்டும். ஹெரால்ட்டில் பூட்டு இரண்டு பக்கமும் வெளியே இருக்கிறது, கையால் நெம்பித் திறக்கலாம், கேபிளே இல்லை. நம்பிக்கையான முறை. ஆனால் மைனரில் அப்படி வைத்தால் மட்காட்டைத் துளைக்க வேண்டும், வீதியில் நிற்கும்போது பற்றரிக்கும் காவல் இல்லை.

கழித்த யப்பான் கார்களில் இருந்து ஒரே வகையான இரண்டு பொனற் பூட்டுகள் எடுத்தோம். இடமும் வலமுமாக, நடுத் தடித்த தகரத்தில் வைத்தோம். இரண்டின் கேபிளும் ஒரு சிறு தகட்டில் சேர்ந்து, டாஷ்போட்டின் கீழுள்ள பழைய குமிழுக்கே வருகின்றன. ஒரு பூட்டு விட்டாலும் மற்றது பிடிக்கும். இரண்டும் விட்டால் நடுவில் ஒரு இரண்டாவது கொளுக்கி, விரலால் மட்டும் தள்ளக்கூடியது. காற்று பொனற்றைக் கீழே அழுத்தும் என்று இவ்வளவு சொல்லிவிட்டு இது எதற்கு என்று கேட்கலாம். குழியில் விழுந்து எழும்பும் கார் காற்றை மட்டும் நம்பி ஓடக் கூடாது.

கேபிள் அறுந்தால்? பொனற் மூடியபடி நின்றுவிடும், உள்ளே எட்ட வழியில்லை. அதனால் இரண்டு பூட்டில் இருந்தும் தனியாக ஒரு கம்பி, இடப்பக்க மட்காட்டின் உள்ளே சில்லுக்கு மேலால் வந்து, ஒரு வளையத்தில் முடிகிறது. சில்லைத் திருப்பிவிட்டுக் கையை விட்டால் எட்டும். எங்கே இருக்கிறது என்று ஐயாவுக்கும் அவர் மருமகனுக்கும் காட்டி, கையால் தொட வைத்தோம்.

பொனற் முன்னால் முழுதாகச் சரிந்து பம்பரில் விழாமல் இருக்க, பழைய சீற் பெல்ட் நாடா இரண்டு பக்கமும். 60 பாகை அளவில் அது இறுகி நிற்கும். ஆனால் நாடா முன்னால் விழுவதைத்தான் தடுக்கும். முன்னாலிருந்து சோளகம் அடித்தால், நிமிர்ந்து நிற்கும் பொனற் அப்படியே திரும்பி வந்து, குனிந்து நிற்பவரின் தலையில் மூடும். அதற்காகவே மைனரின் பழைய முட்டுக் கம்பியை வளைத்து, முனையில் கொளுக்கி வைத்து, பொனற்றில் மாட்டிப் பூட்டும்படி செய்தோம். முட்டு மாட்டாமல் தலையை உள்ளே விடக் கூடாது என்பது அந்தக் காருக்குச் சட்டம்.

ஒரு வருடம்

ஐயா காரை வழமைபோல ஓடினார். பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில், ஒட்டுசுட்டான் பக்கம், கலியாண வீடுகளுக்கு. பொனற் ஓட்டத்தில் ஒருதரமும் அசையவில்லை. கிறவல் பாதையில் பின் ஓரம் முதலில் கடகடத்தது. ரப்பர்க் குமிழ்களைச் சற்று உயர்த்தியபின் நின்றது.

மாரியில் ஒரு குறை தெரிந்தது. கண்ணாடியால் வழியும் தண்ணீர் பின் ஓரத்தில் தேங்கி, ரப்பர் இணையும் நடு இடத்தால் உள்ளே சொட்டியது. பற்றரி தாங்கும், பெற்றோல் பம்பின் மின்முனை தாங்காது. ரப்பரை நடுவில் இணைக்காமல் ஒரே துண்டாகப் போட்டு, இணைப்பை ஓரத்துக்குக் கொண்டுபோனோம்.

றேடியேற்றர் மூடி இப்போது பொனற்றின் ஒடுங்கிய பக்கத்தில் இருக்கிறது. நேரே மேலிருந்து எட்ட முடியாது, பக்கத்தால் கையை விட வேண்டும். சூடான மூடியைப் பக்கத்தால் திறப்பது ஆபத்து, முகத்துக்கு ஆவி வரும். ஐயாவுக்கு ஆறிய பிறகு மட்டும் திறக்கச் சொல்லியிருக்கிறோம். இது இந்த முறையோடு ஒட்டிய குறை, தீர்க்க வழியில்லை. பற்றரி, பம்ப், காபரேற்றர், பிளக் எல்லாம் முன்பைவிட இலேசு. இரண்டு பக்கமும் நின்று வேலை செய்யலாம்.

மாடும் வந்தது. விசுவமடுப் பக்கம் ஒரு மம்மல் பொழுதில் கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்தது. ஐயா மெதுவாக வந்ததால் கன்று எழும்பி ஓடிவிட்டது. பம்பர் வளைந்து வலப்பக்கத் தாங்கி பின்னால் சாய்ந்தது. குமிழை இழுக்கப் பூட்டு விட்டது, ஆனால் வலப்பக்கப் பிணைச்சல் கை இறுகியதால் பொனற் சரியவில்லை. அங்கேயே பிளவு ஊசிகளை இழுத்து, ஆணிகளைத் தட்டி எடுத்து, இரண்டு பேர் பொனற்றை முழுதாகத் தூக்கி வீதியோரம் வைத்தார்கள். றேடியேற்றருக்கு ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு, பொனற்றைத் திரும்ப வைத்து, பின்பூட்டில் மாட்டி, முன்னால் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். தாங்கியை நிமிர்த்திய பிறகு கராஜ் அண்ணை நட்டைப் பற்றிப் பேசவில்லை.

கேபிள்கள் இரண்டையும் இந்த வருடம் கழற்றிப் பார்த்தபோது, இடப்பக்கத்தில் உறைக்குள் செம்மண் புகுந்து கம்பி கரகரத்தது. இரண்டையும் மாற்றினோம். ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்றுவது இந்த அமைப்பில் அவசியம். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மற்றது தளர்வாகவும் இருந்தால், குமிழை இழுக்கும்போது ஒரு பூட்டு விடும், மற்றது பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் பலமாகத் தூக்கினால் தகரம் முறுகும்.

இந்தக் காரைப் பார்த்துவிட்டு முழங்காவிலில் இருந்து ஒருவர் தன் மைனரைக் கொண்டுவந்தார். அதே போல் திருப்பித் தரச் சொன்னார், காசும் கையில் வைத்திருந்தார். அவருடைய கண்ணாடியடி மூலைகள் நல்ல தகரம், பிணைச்சல்கள் நேர். பூட்டு ஆணி தேய்ந்திருந்தது, இரண்டாவது கொளுக்கியின் ஸ்பிறிங் அறுந்திருந்தது. புதிய ஆணி, ஸ்பிறிங், கேபிள் வரவழைத்துப் பூட்டி, பூட்டு ஆணியின் நீளத்தைச் சரிபார்த்து, முதல் பூட்டை விடுவித்துவிட்டுக் கொளுக்கி தனியாகப் பிடிக்கிறதா என்று அவரையே தூக்கிப் பார்க்க வைத்தோம். பிடித்தது. பொனற் பழையபடி முன்னாலேயே திறக்கிறது.